மார்ச் மாசத்துல கத்தரி, மிளகாய் நாத்துக்கு எந்த லைட் வாங்கறது? டொரண்டோ பக்கம் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

கத்தரி விதை முளைச்சு மூணாவது நாள், ஜன்னல் ஓரமா வச்ச கப்பை எடுத்துப் பாருங்க. தண்டு தையல் நூல் மாதிரி மெலிசா, வெளிறிப்போய், ரெண்டு இஞ்ச் உசரத்துக்கு ஓடியிருக்கும். உச்சில ரெண்டே ரெண்டு குட்டி வித்திலை (விதைலேர்ந்து முதல்ல வர்ற ஜோடி இலை), அதுவும் கண்ணாடிப் பக்கமே சாஞ்சு நிக்கும். லேசா தண்ணி தெளிச்சா அப்படியே படுத்துடும், மறுபடி எழுந்திருக்காது. இதைப் பார்த்துட்டு "எனக்கு கை ராசி இல்ல"ன்னு நிறைய பேர் விட்டுடறாங்க. கை ராசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க. வெளிச்சம் பத்தல, அவ்ளோதான் விஷயம். வெளிச்சம் பத்தலன்னா செடி தன்னை வேற ஏதோ செடியோட நிழல்ல மாட்டிக்கிட்டதா எடுத்துக்கும், விதைல இருந்த கொஞ்சம் சாப்பாட்டையும் உசரமா வளர்றதுலயே செலவு பண்ணிடும், தண்டு தடிக்கறதுக்கும் வேர் ஓடறதுக்கும் மிச்சம் ஒண்ணும் இருக்காது.

டொரண்டோ, ப்ராம்ப்டன், மார்க்கம், ஏஜாக்ஸ்னு இந்தப் பக்கம் வீடு எடுத்து, பின்னாடி நாலு பாத்தி போட்டு நம்ம ஊர் கத்தரி, மிளகாய், தக்காளி வளர்க்கணும்னு இந்த வருஷம் முதல் தடவையா இறங்கறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். இங்க மே முதல் ரெண்டு வாரம் வரைக்கும் உறைபனி வரலாம், அதனாலதான் எல்லாரும் மே மூணாவது வாரம் பக்கம் வர்ற விக்டோரியா டே லாங் வீக்கெண்டுக்குக் காத்திருந்து தக்காளியை வெளில நடறாங்க. கத்தரியும் மிளகாயும் இன்னும் குளிர் தாங்காதது, ராத்திரி 12 டிகிரிக்குக் கீழ போகாதுன்னு ஆனப்புறம், அதாவது பெரும்பாலும் ஜூன் முதல் வாரம் நட்டாதான் நல்லா வரும். அதுக்கு நட்ட உடனே வேர் பிடிச்சு வளர்ற அளவுக்குப் பெரிய நாத்து கைல இருக்கணும், இல்லன்னா காய் பிடிக்கற நேரத்துல செப்டம்பர் குளிர் வந்துடும். கத்தரி, மிளகாய்க்கு 10லேர்ந்து 12 வாரம், தக்காளிக்கு 6லேர்ந்து 8 வாரம். கணக்கு போட்டா மார்ச் நடுவுல கத்தரி, மிளகாய் விதைக்கணும், ஏப்ரல் முதல் வாரம் தக்காளி.

மார்ச் நடுவுல இங்க பகல் கிட்டத்தட்ட 12 மணி நேரம் வந்துடுதே, ஜன்னல் வெளிச்சம் ஏன் பத்தாதுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். நேரம் இருக்கு, பலம் இல்ல. சூரியன் சாய்வா வருது, பாதி நாள் மேகம், ரெண்டு அடுக்குக் கண்ணாடி வேற கொஞ்சத்தை முழுங்கிடும், அதுக்கு மேல வெளிச்சம் ஒரே பக்கத்துலேர்ந்து மட்டும் வருது. தெற்கு பார்த்த பெரிய ஜன்னல் இருக்கு, முன்னாடி மரமோ கட்டடமோ மறைக்கலன்னா ஏப்ரல்ல போடற தக்காளியை அங்கயே ஓரளவு தேத்திடலாம். வடக்கு பார்த்த காண்டோ (அடுக்குமாடி வீடு)ன்னா முயற்சியே வேண்டாம். மேகமான ஒரு நாள் மத்தியானம் என் வீட்டு வடக்கு ஜன்னல்ல போன்ல அளந்தப்போ 1,500 லக்ஸ் (ஒரு இடத்துல விழற வெளிச்சத்தோட அளவு) காட்டுச்சு. ஜூன் மாச மத்தியான வெயில் 1 லட்சம் லக்ஸ் பக்கம் போகும். வித்தியாசத்தை நீங்களே பார்த்துக்கோங்க.

நான் முதல் வருஷம் பண்ணின தப்பைச் சொல்லிடறேன், அதே பணத்தை நீங்களும் போட வேண்டாம். ஆன்லைன்ல செடிக்குன்னு விக்கற ஒரு ஊதா கலர் லைட், மேஜைல க்ளிப் பண்ற மாதிரி, வளையற கழுத்து நாலு இருக்கும். பெட்டில 80 வாட்னு போட்டிருந்தது. ப்ளக்ல சொருகற மீட்டர் வாங்கி அளந்து பார்த்தா உண்மைல இழுத்தது 18 வாட். 24 கத்தரி விதை போட்டேன், எல்லாம் முளைச்சுது, ஒரு மாசம் கழிச்சு உசுரோட இருந்தது அஞ்சு. அந்த அஞ்சும் கழுத்து நேர் கீழ இருந்ததுங்க. ரெண்டு கை அளவு தள்ளி இருந்ததெல்லாம் போயிடுச்சு. லைட் எரிஞ்சுதான் இருந்தது, என் கண்ணுக்கு ரூமே பளிச்சுனு ஊதாவா இருந்தது, ஆனா அந்த வெளிச்சம் நாலு கப்புக்கு மேல எட்டவே இல்ல. அதுலேர்ந்து நான் யாருக்குச் சொன்னாலும் முதல்ல சொல்றது இதுதான்: "க்ரோ லைட்"ங்கற பேரைப் பார்த்து வாங்காதீங்க, எத்தனை ட்ரே மேல எவ்ளோ வெளிச்சம் விழும்னு பார்த்து வாங்குங்க.

முதல்ல ட்ரேயை எண்ணுங்க

இங்க நாத்து ட்ரேன்னா 10க்கு 20 இஞ்ச் ட்ரேதான் வழக்கம், கடைல "டென் ட்வென்ட்டி"ன்னு கேட்டா குடுப்பாங்க. அதுக்குள்ள 72 குழி இருக்கற இன்செர்ட் வைக்கலாம். அப்போ 30 நாத்துதான் வேணும், அரை ட்ரே போதும், சின்ன லைட்டே போதும்னு தோணும். அங்கதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. நாலு வாரம் கழிச்சு கத்தரி இலை ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும், பெரிய தொட்டிக்கு மாத்தியே ஆகணும். மூணரை இஞ்ச் தொட்டின்னா அதே ட்ரேல 18தான் கொள்ளும். அதாவது மார்ச்சுல ஒரு ட்ரேல இருந்த 72 நாத்து ஏப்ரல்ல நாலு ட்ரேயா விரியும். அதனால லைட் வாங்கறப்போ மார்ச் மாசத்தை மனசுல வச்சு வாங்காதீங்க, ஏப்ரல் கடைசியை மனசுல வச்சு வாங்குங்க.

இன்னொரு வழியும் இருக்கு, விதையைக் குறைச்சுப் போடறது. ஒரு குடும்பத்துக்கு 4 கத்தரி, 6 மிளகாய், 6 தக்காளி தாராளம். பாக்கெட்ல 50 விதை இருக்குன்னு 50ஐயும் போடணும்னு இல்ல, மிச்சத்தை மூடி காத்துப் புகாத டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சா அடுத்த வருஷத்துக்கும் ஆகும். 16 நாத்துன்னா கடைசி வரைக்கும் ஒரு ட்ரேதான், செலவு பாதிக்கும் கீழ போயிடும். முதல் வருஷம் இப்படி ஆரம்பிக்கறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கறேன்.

என்ன லைட்

பளிச்னு சொல்லிடறேன்: வெள்ளை எல்இடி ஷாப் லைட், 4 அடி நீளம், 40 வாட் பக்கம். கராஜ்ல, வொர்க்‌ஷாப்ல தொங்கவிடற அதே லைட்தான். கனடியன் டயர், ஹோம் டிப்போ மாதிரி கடைல லைட் வரிசைல இருக்கும், தோட்ட வரிசைல தேடாதீங்க. 30லேர்ந்து 50 டாலருக்குள்ள வந்துடும், ஆஃபர் போட்டா இன்னும் குறையும். நாத்துப் பருவத்துக்கு இது போதும், இதுல வளர்த்த நாத்து யாரு வீட்டு நாத்துக்கும் குறைஞ்சது இல்ல.

செடிக்கு சிவப்பும் நீலமும் மட்டும்தான் வேணும், அதனால ஊதா லைட்தான் பெஸ்ட்னு விளம்பரத்துல சொல்லுவாங்க. முழுப் பொய் இல்ல, ஆனா பாதி உண்மை. பச்சையத்தை மட்டும் தனியா எடுத்து அளந்தா சிவப்பையும் நீலத்தையும்தான் அதிகமா உறிஞ்சும். முழு இலையை வச்சு கீத் மெக்ரீங்கற விஞ்ஞானி 1972ல ஒரு ஆய்வு வெளியிட்டாரு, 22 வகைப் பயிரோட இலையை வச்சு அளந்ததுல பச்சை வெளிச்சத்தையும் இலை நல்லாவே பயன்படுத்துதுன்னு தெரிஞ்சுது. இலையோட மேல் அடுக்கு தாண்டி உள்ள இறங்கறதே அந்தப் பச்சைதான். வெள்ளை லைட்ல எல்லா நிறமும் கலந்திருக்கு, சூரிய வெளிச்சத்துக்கு அதுதான் பக்கம். அதோட எனக்கு முக்கியமாப் படறது இன்னொண்ணு: ஊதா வெளிச்சத்துல நம்ம கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. இலை மஞ்சளாகறது, அடில சின்னப் பூச்சி உக்காந்திருக்கறது, மண்ணு மேல பாசி படர்றது எல்லாம் ஊதால ஒரே கறுப்பாத்தான் தெரியும். நாத்து வளர்க்கறவங்களுக்கு தினமும் கிட்டப் போய் பார்க்கறதுதான் பாதி வேலை, அந்தக் கண்ணையே கட்டிப்போடற லைட் எதுக்கு?

பெட்டில கெல்வின்னு ஒரு நம்பர் இருக்கும். 2700ன்னா ஹால்ல போடற மஞ்சள் வெளிச்சம், 6500ன்னா நீலம் கலந்த பளீர் வெள்ளை. நாத்துக்கு 4000லேர்ந்து 6500க்குள்ள எதுவா இருந்தாலும் சரி, 5000 கிடைச்சா எடுத்துக்கோங்க. நீலம் கொஞ்சம் அதிகமா இருந்தா செடி குட்டையா, தண்டு தடிச்சு வளரும். 4000க்கும் 5000க்கும் நடுவுல மண்டையைப் போட்டு உடைச்சுக்க வேண்டாம், அந்த வித்தியாசம் லைட்டை ரெண்டு இஞ்ச் இறக்கிக் கட்டினா சரியாயிடும்.

பழைய டியூப் லைட் ஃபிக்ஸ்சர் பேஸ்மென்ட்ல சும்மா கிடக்குதுன்னா அதையும் பயன்படுத்தலாம், எத்தனையோ வருஷம் எல்லாரும் அதுலதான் நாத்து போட்டாங்க. ஆனா புதுசா காசு குடுத்து வாங்காதீங்க, கரண்ட் கூட இழுக்கும், உள்ள பாதரசம் இருக்கு, உடைஞ்சா சுத்தம் பண்றது பெரிய வேலை.

பெரிய சதுர எல்இடி பேனல் வாங்கலாமான்னு கேப்பாங்க. நல்ல கம்பெனி பேனல்ல 100 வாட் உண்மையா இழுத்தா 2க்கு 2 அடிக்கு நாத்துக்குத் தாராளமாக் குடுக்கும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க டிம்மர் இருக்கும், வீட்டுக்குள்ளயே மிளகாய் காய்க்க வைக்கணும்னா அதுதான் சரி. வெறும் நாத்துக்குன்னா தேவையில்ல. அதை ஒன்றரை அடி, ரெண்டு அடி மேல தொங்கவிடணும், அடுக்கு ஷெல்ஃப்ல அவ்ளோ இடம் கிடைக்காது.

அஞ்சாறு கப்புக்கு மேல வேண்டாம்ங்கறவங்களுக்கு இதைவிட சுலபம். படிக்கற டேபிள் லேம்ப் ஒண்ணு, அதுல "டேலைட்"னு போட்டிருக்கற சாதா எல்இடி பல்பு, 14, 15 வாட் நிஜமா இழுக்கறது, கப்புக்கு அஞ்சு ஆறு இஞ்ச் மேல. செலவும் கம்மிதான். நான் இன்னைக்கும் துளசி நாத்தை இப்படித்தான் வளர்க்கறேன்.

பெட்டில என்ன பார்க்கணும், கணக்கு எப்படி

இது கொஞ்சம் கணக்கு, பொறுமையா படிங்க, ஒரு தடவை புரிஞ்சுடுச்சுன்னா எந்தக் கடைல எந்த லைட்டைக் காட்டினாலும் நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

வாட்டுன்னா இழுக்கற கரண்ட். "1000 வாட்"னு பெரிசா போட்டு, கீழ பொடி எழுத்துல "உண்மையான மின்சாரம் 100 வாட்"னு இருக்கும், அந்தப் பொடி எழுத்துதான் நிஜம். "100 வாட்டுக்கு ஈக்குவலன்ட்"னு போடறதும் பழைய குண்டு பல்போட ஒப்பிடற கணக்கு, அதையும் விட்டுடுங்க.

லூமன்ங்கறது லைட்டுலேர்ந்து வெளில வர்ற மொத்த வெளிச்சம், நம்ம கண்ணுக்கு எவ்ளோ பிரகாசமாத் தெரியுமோ அந்தக் கணக்குல. ஒரு சதுர மீட்டர் மேல எத்தனை லூமன் விழுதோ அதுதான் லக்ஸ். செடிக்கு வேற அளவு இருக்கு, பிபிஎஃப்டின்னு சொல்லுவாங்க, ஒரு விநாடிக்கு ஒரு சதுர மீட்டர் மேல இலைக்குப் பயன்படற வெளிச்சத் துகள் எத்தனை மைக்ரோமோல் விழுதுங்கற கணக்கு. நல்ல க்ரோ லைட் பெட்டில இது இருக்கும், ஷாப் லைட் பெட்டில இருக்காது. கவலை இல்ல, வெள்ளை எல்இடிக்கு லக்ஸை 70ஆல வகுத்தா பிபிஎஃப்டி ஓரளவு சரியா வந்துடும். ஊதா லைட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது.

கடைசியா டிஎல்ஐ, ஒரு நாள் முழுக்க செடிக்குக் கிடைக்கற மொத்த வெளிச்சம். சம்பளத்தை ஒரு மணி நேரத்துக்கு இவ்ளோன்னு சொல்றதும் மாசத்துக்கு இவ்ளோன்னு சொல்றதும் மாதிரி. பிபிஎஃப்டி, எத்தனை மணி நேரம், 0.0036, இந்த மூணையும் பெருக்கினா டிஎல்ஐ. தக்காளி, கத்தரி, மிளகாய் நாத்துக்கு 10 குறைஞ்சபட்சம்னு வச்சுக்கோங்க, 12லேர்ந்து 15 வந்தா நாத்து அருமையா இருக்கும். கீரை, லெட்யூஸ் மாதிரிக்கு 10 போதும்.

இப்ப நிஜமா ஒண்ணு போட்டுப் பார்ப்போம். நாலு ட்ரேயை பக்கம் பக்கமா வச்சா 44க்கு 21 இஞ்ச், அதாவது கிட்டத்தட்ட 0.6 சதுர மீட்டர். 4,500 லூமன் லைட் ரெண்டு மாட்டினா 9,000 லூமன். அதுல ஒரு 20 சதவீதம் பக்கவாட்டுல சிதறிப் போச்சுன்னா 7,200 ட்ரே மேல விழும். 0.6ஆல வகுத்தா 12,000 லக்ஸ், 70ஆல வகுத்தா 171 பிபிஎஃப்டி. 16 மணி நேரம் எரிஞ்சா டிஎல்ஐ 10 பக்கம் வரும். தக்காளிக்கு ஒப்பேத்தலாம். அதே இடத்துல மூணு லைட் மாட்டினா 15 பக்கம் வந்துடும், கத்தரி மிளகாய் சும்மா கும்முனு நிக்கும். சுருக்கமா ஞாபகம் வச்சுக்கணும்னா ஒரு ட்ரேக்கு உண்மையான வாட் 20 குறைஞ்சபட்சம், 30 இருந்தா நிம்மதி. ஒரு வாட்டுக்கு 100 லூமனுக்கு மேல குடுக்கற லைட்டா இருக்கணும், இப்ப வர்ற எல்இடி எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கு.

மாட்டினப்புறம் போன்ல இலவச லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு இலை மட்டத்துல வச்சுப் பாருங்க. துல்லியமா இருக்காது, ஆனா நடுவுல எவ்ளோ, ஓரத்துல எவ்ளோன்னு ஒப்பிட அதுவே போதும். என் ஷெல்ஃப்ல நடுவுல 16,000, மூலைல 9,000. அதனால வாரத்துக்கு ரெண்டு தடவை ட்ரேயைத் திருப்பி வச்சு, மூலைல இருக்கறதை நடுவுக்குக் கொண்டு வந்துடுவேன். சுத்தி வெள்ளை ஃபோம் போர்டு ரெண்டு நிறுத்தினா மூலைல நல்லாவே ஏறும், டாலர் கடைலயே கிடைக்குது.

எவ்ளோ உசரத்துல கட்டறது

என் கருத்துல லைட் எதுங்கறதைவிட இதுதான் பெரிய விஷயம். ரெண்டாவது வருஷம் நல்ல ஷாப் லைட்டே வாங்கி மாட்டினேன், ஆனா ஷெல்ஃபோட மேல் தட்டுல ஒட்டினாப்ல, ட்ரேலேர்ந்து 16 இஞ்ச் உசரத்துல. மறுபடி நாத்து ஓட ஆரம்பிச்சுது. பக்கத்து வீட்டுல யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க, முப்பது வருஷமா இங்க தோட்டம் போடறவங்க, வந்து ஒரு பார்வை பார்த்துட்டு சொன்னாங்க, "தம்பி, உந்த லைற்றை இன்னும் நல்லாப் பதிச்சுக் கட்டுங்கோ. கண்டு எல்லாம் வெளிச்சம் தேடி ஓடுது." பதிச்சுன்னா தாழ்த்தி, கண்டுன்னா நாத்து. அன்னைக்கு சாயங்காலமே சங்கிலி போட்டு 4 இஞ்சுக்கு இறக்கினேன். அதுக்கப்புறம் வந்த இலை ஒவ்வொண்ணும் கிட்ட கிட்ட, அகலமா, கரும்பச்சையா வந்துச்சு. ஏற்கனவே நீண்டுபோன தண்டு நீண்டதுதான், அதுக்கு மேல வளந்தது மட்டும் வேற செடி மாதிரி இருந்தது, ஒரே தண்டுல கோடு போட்ட மாதிரி தெரிஞ்சுது எந்த நாள் லைட் இறங்குச்சுன்னு.

ஷாப் லைட்டுக்கு 3லேர்ந்து 6 இஞ்ச், இலை உச்சிலேர்ந்து. எல்இடி ரொம்ப சுடாது, இலை பட்டுட்டாலும் உடனே கருகிடாது, பயப்பட வேண்டாம், ஆனா தொட விடாதீங்க. முக்கியமா லைட்டை ஏத்தி இறக்கற மாதிரி கட்டணும், செடி வளர வளர வாரா வாரம் ஏத்தணும். கம்பி ஷெல்ஃப்ல எஸ் கொக்கியும் மெல்லிசு சங்கிலியும் போதும், ஒரு கண்ணி ஏத்தினா ஒரு இஞ்ச். லைட்டை நிரந்தரமா ஸ்க்ரூ போட்டு மாட்டிட்டீங்கன்னா அப்போ ட்ரே அடில புஸ்தகம், கட்டைன்னு முட்டுக் குடுத்து உசத்துங்க, வளர வளர ஒண்ணொண்ணா எடுத்துடலாம்.

ஒரே ட்ரேல தக்காளியையும் மிளகாயையும் கலந்து போடாதீங்க. தக்காளி வேகமா ஓடும், அதுக்காக லைட்டை ஏத்தினா மிளகாய்க்கு வெளிச்சம் குறைஞ்சுடும்.

எத்தனை மணி நேரம், கரண்ட் எவ்ளோ

16 மணி நேரம் எரியணும், 8 மணி நேரம் அணையணும். 24 மணி நேரமும் போட்டா சீக்கிரம் வளருமேன்னு நினைக்காதீங்க, தக்காளியும் கத்தரியும் இருட்டே இல்லாம இருந்தா இலை மஞ்சளாகி புள்ளி விழுந்துடும். பத்து டாலர் டைமர் ஒண்ணு கண்டிப்பா வாங்குங்க, ஞாபகம் வச்சு போட்டு அணைக்கறதெல்லாம் நாலு நாளைக்கு மேல நடக்காது.

80 வாட் 16 மணி நேரம் எரிஞ்சா ஒரு நாளைக்கு 1.28 யூனிட். மார்ச் நடுவுலேர்ந்து மே கடைசி வரைக்கும் 75 நாள்னா 96 யூனிட். எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 15 சென்ட்னு வச்சாலும் மொத்த சீசனுக்கும் 15 டாலருக்குள்ளதான். நர்சரில மூணு நாலு கத்தரி நாத்து வாங்கற காசு அது. ஒண்டாரியோல நேரத்தைப் பொறுத்து ரேட் மாறற திட்டத்துல இருக்கறவங்க டைமரை சாயங்காலம் 7லேர்ந்து காலைல 11 வரைக்கும் வச்சா, வார நாள்லயும் 12 மணி நேரம் மலிவு ரேட்லயே ஓடிடும். செடிக்கு ராத்திரி பகல் எதுன்னு கணக்கில்ல, இருட்டு ஒரே தொடர்ச்சியா இருந்தா சரி. பேஸ்மென்ட்ல யாரும் படுக்கலன்னா இப்படி வைங்க.

தண்ணியும் கரண்டும் பக்கத்துல பக்கத்துல

இதுல யாரும் அலட்சியமா இருக்கக்கூடாது. லைட் பெட்டில சிஎஸ்ஏ முத்திரை, இல்லன்னா யூஎல், ஈடிஎல் முத்திரைக்கு இடது பக்கம் சின்னதா ஒரு "சி" இருக்கான்னு பாருங்க, கனடாவுக்குன்னு சோதிச்சதுங்கறதுக்கு அதுதான் அடையாளம். எங்கேர்ந்தோ நேரா பார்சல்ல வர்ற மலிவு லைட் பலதுல இது இருக்காது, வீட்டுக்குள்ள ஆள் இல்லாத நேரத்துல 16 மணி நேரம் எரியப்போற சாமான், இதுல பத்து டாலர் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஈரமான இடத்துக்கு ஏத்ததுன்னு போட்டிருந்தா இன்னும் நல்லது. வயர் ப்ளக்குக்குப் போறதுக்கு முன்னாடி கீழ தொங்கி ஒரு வளைவு போட்டு மேல ஏறணும், அப்பதான் வயர்ல வழியற தண்ணி வளைவுலயே சொட்டிடும், ப்ளக்குக்குள்ள போகாது. பவர் பாரைத் தரைல போடாதீங்க, ஷெல்ஃப் காலோட மேல கட்டுங்க. பாத்ரூம்ல இருக்கற மாதிரி டெஸ்ட், ரீசெட் பட்டன் வச்ச அவுட்லெட் இருந்தா அதுல போடுங்க. ஒண்ணோட ஒண்ணு கோத்து மாட்டற லைட்டுன்னா எத்தனை வரைக்கும் கோக்கலாம்னு பேப்பர்ல இருக்கும், அதுக்கு மேல போகக்கூடாது.

முளைக்கற வரைக்கும் சூடு, முளைச்ச உடனே வெளிச்சம்

கத்தரி, மிளகாய், தக்காளி விதை முளைக்க வெளிச்சம் தேவையே இல்ல, சூடுதான் வேணும். மண்ணு 25லேர்ந்து 30 டிகிரி இருந்தா மிளகாய் பத்து நாள்ல தலை காட்டும், 17, 18 டிகிரி பேஸ்மென்ட்ல மூணு வாரம் ஆனாலும் ஆகும், சிலது அழுகியே போயிடும். அதனால லைட்டுக்கு அடுத்தபடியா காசு போடறதுன்னா நாத்துக்குன்னு விக்கற ஹீட் மேட்ல போடுங்க. பிளாஸ்டிக் மூடி போட்டு மேட் மேல வச்சுட்டு, தினமும் காலைலயும் சாயங்காலமும் பாருங்க. மண்ணைக் கிளப்பிக்கிட்டு வெள்ளையா ஒரு கொக்கி தெரிஞ்சா போதும், அன்னைக்கே மூடியை எடுத்துட்டு லைட் அடில கொண்டு வந்துடணும். எல்லாம் முளைக்கட்டும்னு ரெண்டு நாள் காத்திருந்தா முதல்ல முளைச்சது நீண்டுடும்.

லைட் அடில வந்தப்புறம் சூடு குறையறது நல்லது, பகல்ல 20, 22 டிகிரி போதும். வெளிச்சம் கம்மி, சூடு ஜாஸ்திங்கற கூட்டணிதான் நாத்தை நூலாக்கறது. சின்ன ஃபேன் ஒண்ணை ஸ்லோவா வைங்க, இலை லேசா ஆடினா போதும். தண்டு தடிக்கும், அடித்தண்டு அழுகி சாயற நோயும் குறையும்.

அப்புறம் செடியையே படிச்சுப் பழகுங்க. தண்டு ஓடுது, இலைக்கு இலை இடைவெளி ஜாஸ்தின்னா லைட்டை இறக்குங்க. மேல் இலை வெளிறி, ஓரம் கிண்ணம் மாதிரி மேல மடங்குதுன்னா வெளிச்சம் ஜாஸ்தி, ரெண்டு இஞ்ச் ஏத்துங்க. தக்காளி இலை அடி ஊதாவா மாறினா பெரும்பாலும் குளிர், லைட்டைக் குத்தம் சொல்ல வேண்டாம். நீண்டுபோன தக்காளியைத் தூக்கிப் போடாதீங்க, பெரிய தொட்டிக்கு மாத்தறப்போ வித்திலை வரைக்கும் மண்ணுக்குள்ள புதைச்சு வைங்க, புதைஞ்ச தண்டு முழுக்க வேர் விடும். கத்தரி, மிளகாய் அந்த அளவுக்கு விடாது, அதுக்கு முதல்லேர்ந்தே வெளிச்சம் சரியா இருக்கணும்.

பாகல், புடலை, பீர்க்கு, சுரைக்கெல்லாம் இவ்ளோ நாள் வேண்டாம், ஏப்ரல் கடைசில போட்டா போதும், மூணு நாலு வாரத்துல கொடி ஓட ஆரம்பிச்சுடும், அதுக்கு மேல லைட் அடில வச்சா ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். வேரைத் தொட்டா கோச்சுக்கற ஜாதி, அதனால நேரா பெரிய கப்லயே ஒரு விதை. அவரை போடறவங்க கவனிங்க, நம்ம ஊர் அவரை நிறைய ரகம் பகல் குறைஞ்சாதான் பூக்கும், இங்க கோடைல பகல் 15 மணி நேரம் ஓடறதால செப்டம்பர் வரைக்கும் வெறும் இலையாவே நிக்கும். எவ்ளோ சீக்கிரம் லைட் அடில நாத்து விட்டாலும் அது மாறாது, பகல் அளவைப் பார்க்காம பூக்கற ரகமா கேட்டு வாங்குங்க.

வெளில கொண்டு போறப்போ

உங்க லைட் அடில 15,000 லக்ஸ் பார்த்த இலை, மே மாச வெயில்ல திடீர்னு 80,000, 90,000 பார்த்தா ஒரே மத்தியானத்துல வெள்ளையா வெந்துடும். எவ்ளோ நல்ல லைட்ல வளர்த்தாலும் இது நடக்கும். முதல் ரெண்டு நாள் நிழல்ல ஒரு மணி நேரம், அப்புறம் காலை வெயில் ஒரு மணி, ரெண்டு மணின்னு கூட்டிக்கிட்டே போய் 7லேர்ந்து 10 நாள் பழக்குங்க. காத்து பலமா அடிக்கற நாள் உள்ளயே வச்சுடுங்க. ராத்திரி குளிர்னா கத்தரியும் மிளகாயும் திரும்ப உள்ள, லைட் அடில. அதனால ஜூன் முதல் வாரம் வரைக்கும் லைட்டைக் கழட்டி வச்சுடாதீங்க.

அப்புறம் கழட்டறப்போ ப்ளக்கைப் பிடுங்கிட்டு ஈரத் துணியால தொடைச்சு வைங்க, மண் தூசியும் தண்ணிக் கறையும் படிஞ்சிருக்கும், அதுவே வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சுடும். நவம்பர்ல மறுபடி எடுத்து மாட்டினா அதே ஷெல்ஃப்ல ஒரு ட்ரேல வெந்தயமும் ஒரு ட்ரேல கொத்தமல்லியும் தூவிடலாம், வெந்தயக்கீரை மூணு வாரத்துல கிள்ளற பதத்துக்கு வந்துடும்.